ஐந்தடி ஆறங்குலம்

இரண்டு தண்டவாளம் ஒருநாளும் சேர்வதில்லை என்று
கலியாண வீட்டு மைக்கில் எவனாவது பேசினால்
எனக்குச் சோறு இறங்காது.
சேரவிடாமல் பார்ப்பதற்குத்தான்
எனக்கு மாதச் சம்பளம்.
விலகவிடாமல் பார்ப்பதற்கும் அதே சம்பளம்தான்.

புணானைக்கும் வாழைச்சேனைக்கும் நடுவில்
ஆறு மைல் என் பாடு.
தோளில் சுத்தியல், பையில் ஸ்பேனர்,
கையில் ஐந்தடி ஆறங்குல இரும்புக் கோல்.
குறுக்கே வைத்தால்
இரண்டு முனையும் உள்விளிம்பைத் தொட வேண்டும்.
கொஞ்சம் கூடினால் கொப்பியில் எழுதுவேன்.
இன்னும் கூடினால்
கொடியை விரித்துக்கொண்டு ஓடுவேன்.

மார்கழி வெள்ளம் வடிந்த கையோடு
இரண்டாம் மதகு வளைவில்
ஒரு சிலிப்பர் கட்டை உளுத்திருந்தது.
அலவாங்கு முனை
நனைந்த பாணில் விரல் போல இறங்கியது.
சல்லியைக் கிண்டிப் பழையதை இழுத்தோம்.
புதுப் பாலைக் கட்டை, ஆறு பேர் சுமை.
தார் மணம் மீராலெப்பைக்கு ஆகாது.
அவர் தும்முகிற போதெல்லாம்
கட்டை ஓர் அங்குலம் உள்ளே போனது.

கங்காணி உக்குபண்டா
நூறு கவடு தள்ளிப் போய்
முழந்தாளில் நின்று
கன்னத்தைத் தண்டவாளத்தில் வைத்தார்,
காய்ச்சல் பார்க்கிறவர் மாதிரி.
ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.
அவர் கை அசைந்த பக்கம்
எட்டு அலவாங்கு ஒன்றாய் நெம்பின.
"தவ டிக்கக்!"
இன்னும் கொஞ்சம்.
"தவ டிக்கக்!"
இன்னும் ஒரு நூல்.
"எத்தி!"
கல்லெல்லாம் ஒருமுறை முனகி அடங்கியது.
வளைவு
வளைவாகவே நேரானது.

துளை போடுவது என் வேலை.
அன்றைக்குப் போன் அடிக்கவில்லை.
வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை.
முதல்நாள் குடித்திருக்கவுமில்லை.
சொல்ல ஒரு காரணமும் இல்லாமல்
துரப்பணம் ஒரு விரல் தள்ளி இறங்கிவிட்டது.
ஆணி அடித்த பிறகுதான் தெரிந்தது:
கோல் உட்கார மறுத்தது.

இரண்டு காது வைத்த ஆணி அது.
பள்ளிக்கூடப் பெடியனை வெளியே எடுப்பதுபோல
காதைப் பிடித்து எடுத்தோம்.
துளைக்குள் மரமுளை அடித்து, தார் பூசி,
பக்கத்தில் இன்னொரு துளை.
கோல் உட்கார்ந்தது. அச்சொட்டு.
உக்குபண்டா தாரையும் பார்த்தார்,
என்னையும் பார்த்தார்.
கொப்பியில் எழுதினார்:
கட்டை ஒன்று மாற்றப்பட்டது.

பின்னேரம் எண்ணெய் வண்டி போனது.
மதகில் குந்தியிருந்து பார்த்தேன்.
கட்டை சற்றே அமிழ்ந்தது,
எழும்பியது,
அவ்வளவுதான்.

ஏழு வருஷம்.
ஒருநாள் விடியப் போனால்
அதே கட்டைக்குப் பக்கத்தில் யானை லத்தி,
சூடு ஆறவில்லை.
அதற்கு மேல் ஒரு யானையும் நடந்திருக்கிறது.
கோல் வைத்துப் பார்த்தேன். மயிரிழை மாற்றமில்லை.
ஆனாலும் சுத்தியலால் தட்டிக்கொண்டு போனால்
மற்றக் கட்டையெல்லாம் ஒரு சத்தம்,
இது மட்டும்
பழுக்காத பலாக்காயின் சத்தம்.
மீராலெப்பையைக் கூட்டிவந்து தட்டிக் காட்டினேன்.
"எல்லாம் ஒண்டுதான், உனக்குக் காதில வருத்தம்" என்றார்.

போன கிழமை
கோமளேஸ்வரியின் கண்ணைக் காட்டக் கொழும்புக்குப் போனோம்.
இரவு வண்டி.
சன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது,
எனக்குத் தேவையும் இல்லை.
பொருத்துகளின் சத்தத்தை எண்ணிக்கொண்டே வந்தேன்.
முதலாம் மதகு.
பிறகு அந்த நீட்டு.
பிறகு பெட்டி இடப்பக்கம் சாய்கிற இடம்.

இரண்டு காலையும்
தரையிலிருந்து தூக்கிக்கொண்டேன்,
என் பாரமாவது குறையட்டும் என்று.

அவள் முழித்துவிட்டாள்.
"என்ன, கரப்பொத்தானா?"

ஓம் என்றேன்.

அவளும் காலைத் தூக்கிக்கொண்டாள்.